ஒரு வித்தவுட்!

திருநெல்வேலியில் சீனியை விட்டுவிட்டேன் என்று சொன்னால் யாரும் "ஏன்?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை, சும்மாதான் விட்டேன் என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது. பாவம், பெரிசா இருக்கும் போல, வெளியே சொல்லமாட்டேங்கிறான்!

நான் விட்டது கணக்கைப் பார்த்துப் பயந்து. ஜெனீவாவில் இருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. எங்கள் முக்குக்கடை மாஸ்டரோ கிளாஸில் சீனியைப் போட்டுவிட்டுத்தான் டீ யாருக்கு என்றே கேட்பார். அவர் கையில் இருப்பது டீஸ்பூனும் அல்ல. ஜெனீவாவில் எனக்கு ஒதுக்கிய கோட்டா காலை பதினோரு மணிக்கே தீர்ந்துவிடும். அதற்குமேல் குடிப்பதெல்லாம் கடன்.

"மாஸ்டர், ஒரு வித்தவுட்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். அவர் பாய்லர் பக்கம் திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கிறாற்போல, "சாருக்கு ஒரு வித்தவுட்டேய்!" என்றார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பரை இறக்கிப் பார்த்தார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர், "மாத்திரை ஆரம்பிச்சாச்சா சார்?" என்று வாஞ்சையோடு விசாரித்தார்.

டீ வந்தது. இத்தனை வருஷமாகச் சீனி எதையெல்லாம் மூடி மறைத்திருந்தது என்பது ஒரே மிடறில் தெரிந்துபோயிற்று. விடியற்காலையில் போட்ட தூளின் துவர்ப்பு, அதை வடிகட்டும் துணியின் வாடை, சுண்டச் சுண்டக் காய்ந்த பாலின் தீய்ந்த மணம் எல்லாம் தனித்தனியாக வந்து அறிமுகம் செய்துகொண்டன. மாஸ்டர் நல்லவர்தான். ஆனால் அவருடைய தொழில் ரகசியம் முழுக்க அந்தச் சீனி டப்பாவில் இருந்திருக்கிறது.

முதல் வாரம் சாயங்காலமானால் தலை வலித்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் சள்ளென்று விழுந்தேன். சீனியை நிறுத்தினால் அப்படித்தான் இருக்குமாம் என்று மனைவியிடம் சொன்னேன். "கோவம் முன்னயும் வந்துச்சு. இப்ப ஒரு காரணம் கெடைச்சிருக்கு" என்றாள்.

அம்மா வேறு வழியாக வந்தாள். "எய்யா, சீனிதான ஆகாது? கருப்பட்டி சாப்பிடலாம்லா?" கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்பு உண்டு, மணம் உண்டு, மற்றபடி பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் அப்படியே என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் கடையில பாக்கெட்டுல வாறதுக்குச் சொல்லியிருப்பான். இது உடன்குடி" என்று சொல்லி, சுக்குக் காபியை முன்னால் வைத்தாள்.

நாக்கைப் பற்றி நான் வீணாகப் பயந்திருக்கிறேன். அது சீக்கிரமே படிந்துவிட்டது. வெறும் பால் தித்தித்தது, கேரட் தித்தித்தது. பையன் தோசைக்குத் தொட்டுக்கொள்ளும் சாஸை ஒருநாள் வழித்துப் பார்த்தால் பாயசமே தோற்றது. பாட்டிலைத் திருப்பினேன். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். தக்காளியை ஒட்டினாற்போலவே சீனி உட்கார்ந்திருந்தது. நாக்கு திருந்தியது, சொந்தக்காரர்கள்தான் திருந்தவில்லை. நம் பக்கத்தில் விருந்தாளிக்குச் சீனி குறைத்தால் கஞ்சத்தனம், போடாமலே கொடுத்தால் பழைய பகை. "வேண்டாம் அத்தை" என்றால், "கொஞ்சூண்டுதான் போட்டிருக்கேன், கசக்கும்லா" என்று டம்ளர் வரும். விடாப்பிடியாக மறுத்துவிட்டால், காபியில் குறைந்ததை லட்டில் ஈடுகட்டுவார்கள்.

என்னை மனதார வரவேற்றவர்கள் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறவர்கள் மட்டும்தான். அங்கே பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி சர்க்கரை டெஸ்டின் ஏ1சி எண்ணை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெரு அண்ணாச்சி, "வாரும் தம்பி, நீரும் நம்ம கட்சியா!" என்று தோளில் கை போட்டார். வெந்தயம் ஊறவைப்பது, ஆவாரம்பூவைக் காய்ச்சுவது என்று இரண்டு ரவுண்டு முடியும்வரை வகுப்பு நடந்தது. ஏ1சி மட்டும் அவருக்குப் பிடிக்காது. "மூணு மாசக் கணக்கையும் கோள் சொல்லிருதுவே. ஃபாஸ்டிங்தான் மரியாதையான டெஸ்ட்" என்றார்.

இந்த ஊர்க்காரனுக்கு இன்னொரு கடமையும் உண்டு. மெட்ராஸுக்குப் போகிறவன் வெறுங்கையோடு ரயில் ஏற முடியாது. மச்சானுக்கு ஒரு கிலோ அல்வா வாங்க, நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடைக் கூட்டத்தில் நின்றேன். கோதுமைப் பாலையும் சீனியையும் நெய்யையும் கிண்டி எடுத்த அந்தச் சிவந்த வஸ்து தராசில் வழுக்கிக்கொண்டு விழும்போது, ஜெனீவாவாவது வழிகாட்டுதலாவது என்று இருந்தது. பார்வையைத் திருப்பினேன். கூட்டத்துக்கு ஓரமாக, வெளிச்சம் எட்டாத இடத்தில், கையில் இலையோடு ஒருவர் சுவரைப் பார்த்து நின்றார். விரல் நெய்யில் மினுங்கியது.

"அண்ணாச்சி!"

அவர் பதறவில்லை. மீதியையும் வழித்து வாயில் போட்டு, இலையைக் கசக்கி எறிந்துவிட்டுச் சொன்னார்: "காலையில ஃபாஸ்டிங் டெஸ்ட் தம்பி. ஏழு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு லேப்ல சொல்லியிருக்கான். அதான், ஆறரைக்கே வந்துட்டேன்."