புனே ஆட்டோவில் திரித்துவத்தை விளக்குவது எப்படி?

ஞாயிறு ஆராதனை முடிந்து கேம்ப் பகுதியிலிருந்து ஆட்டோவில் வருகிறீர்கள். கூடவே பக்கத்து ஃபிளாட் மராத்திக் காகா. சிக்னலில் நிற்கும்போது கேட்கிறார்: "கடவுள் ஒருத்தர்தான்கிறீங்க. அப்புறம் மகன் எப்படி?" பதற வேண்டாம். வீடு சேர்வதற்குள் ஐந்து பதில் சொல்லலாம். ஐந்தும் கள்ள உபதேசம் என்பதற்கு உத்தரவாதம் உண்டு.

1. கைக்கு எட்டியதைக் காட்டுங்கள். "ஆட்டோவுக்குச் சக்கரம் மூணு, வண்டி ஒண்ணுதானே?" அகுர்டியில் பஜாஜ் ஆலையைப் பார்த்து வளர்ந்தவர் தலையாட்டுவார். பிறகு கேட்பார்: "ஒத்தைச் சக்கரம் ஆட்டோ ஆகாதே. அப்போ குமாரன் மூணில் ஒரு பங்கு கடவுளா?" சபையின் போதனையோ, பிதாவும் முழுக் கடவுள், குமாரனும் முழுக் கடவுள் என்பது.

2. உங்களையே உதாரணமாக்குங்கள். "வீட்டில் அப்பா, ஊரில் மகன், ஆபீசில் மேனேஜர். ஆள் ஒருத்தன்தான்." மூன்றாம் நூற்றாண்டு ரோமில் சபெல்லியுஸ் இந்தப் பக்கம் போய்த்தான் மாட்டினார். காகா மிஷன் பள்ளியில் படித்தவர்: "அப்போ கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபம் பண்ணினார்?"

3. வயதுக் கணக்கு போடுங்கள். "அப்பா முதலில், மகன் பிறகு." அலெக்சாந்திரியாவின் ஆரியுஸும் இதையேதான் சொன்னார். 325-ல் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று முடிவானது. மகன் இல்லாத காலம் ஒன்று இருந்திருந்தால் அப்போது பிதாவை எப்படிப் பிதா என்பது? காகா கேட்கும் முன் நீங்களே கேட்டுவிடுங்கள்.

4. தத்துப் பிள்ளை என்று சமாளியுங்கள். நல்ல மனிதரான இயேசுவை ஞானஸ்நானத்தின்போது கடவுள் மகனாக ஏற்றார் என்ற கருத்தும் பழையதுதான், சபை தள்ளியதுதான். புனேயில் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் தத்துப்பிள்ளை நானா சாகிபுக்கு, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் பென்ஷனை கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி மறுத்த கதை தொடங்கிவிடும். வீடு வந்தும் முடியாது.

5. சுவாமிமலைக்குத் தாவுங்கள். "எங்க ஊரில் மகன்தான் அப்பனுக்கே உபதேசம் பண்ணினார், தகப்பன்சாமி!" காகா மகிழ்ந்து போவார். ஆனால் உங்கள் கணக்கில் இப்போது கடவுள் இருவர். போதகர் ஐயா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தும் தோற்றதா? கவலை வேண்டாம், பண்டித ரமாபாய் உங்கள் கட்சி. 1883-ல் இங்கிலாந்தின் வான்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கையோடு, திரித்துவத்தை ஏன் ஏற்க வேண்டும் என்று தன்னை வழிநடத்திய கன்னியர் ஜெரால்டினிடம் கடிதம் கடிதமாக வாதாடினார். சொன்னதை நம்பு என்றால் நம்புகிற ஆள் இல்லை, சமஸ்கிருதம் கற்ற பண்டிதை. 1890-ல், விதவைகளுக்கான தன் பள்ளியான சாரதா சதனைப் புனேக்குக் கொண்டுவந்தார். பிறகு புனே அருகே கேட்காவில் முக்தி மிஷனை நடத்தினார். எபிரேயமும் கிரேக்கமும் படித்து, வேதாகமம் முழுவதையும் தாமே மராத்தியில் பெயர்த்தார். 1922-ல் இறக்கும் வரை அந்த வேலைதான்.

ஆகவே ஆறாவது வழி: எபிரேயம், கிரேக்கம், பல வருடம். நேரமில்லையென்றால், "தெரியலை காகா, நானும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். அந்த வாக்கியத்தைக் கண்டிக்க எந்தச் சங்கமும் கூடியதாகக் கேள்வியில்லை.