நடுத்தையல் மகாத்மியம்

மால்கள், மனமகிழ் மன்றங்கள், நட்சத்திர உணவகங்கள் ஆகியவற்றின் வாசலில் யார் நுழையலாம் என்று விதி எழுதும் பெரியோர்களின் சமூகத்துக்கு, இடுப்பில் ஒற்றைத் துணி சுற்றும் வர்க்கத்தின் சார்பில் பணிவுடன் எழுதிக்கொள்வது.

2024 ஜூலையில் பெங்களூரு மாகடி சாலை மால் ஒன்றில் தங்கள் திருப்பணி குறைவின்றி நடந்தேறியதை நாடே கண்டு களித்தது. ஹாவேரிப் பக்கத்து விவசாயி ஒருவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பஞ்செ (அவர்கள் ஊர் வேட்டி), தலைப்பாகை. மகன் சினிமாவுக்கு அழைத்து வந்திருக்கிறார், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வாசலில் மறித்து, பேண்ட் போட்டுக்கொண்டு வந்தால் விடுகிறோம் என்றார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த வயதான மனிதர் இனி எங்கே போய் மாற்றிக்கொண்டு வருவது என்பதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை. வீடியோ பரவியது. வாசலில் போராட்டம் எழுந்தது, விஷயம் சட்டமன்றத்துக்குப் போயிற்று, ஏழு நாள் கதவை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, அதே பெரியவருக்கு மரியாதையும் செய்தது. மறித்தபோது அவர் கட்டியிருந்ததும் பஞ்செதான், மரியாதை வாங்கும்போது கட்டியிருந்ததும் பஞ்செதான். இடையில் வந்து சேர்ந்தது கேமரா ஒன்றுதான். அப்போது அந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த சித்தராமையா தினமும் பஞ்செயில்தான் நடமாடுகிறார். 1996-இல் அங்கிருந்து பிரதமராகப் போன தேவகவுடாவும் அப்படியே. அவர்கள் தங்கள் மாலுக்கு வந்தால் எந்தப் பேண்ட்டை நீட்டுவதாக உத்தேசம் என்று கேட்க ஆசை, அச்சமாகவும் இருக்கிறது.

தங்கள் விதியின் உட்பொருளை அறியாதவர்கள்தான் இதைத் திமிர் என்கிறார்கள். அடியேன் ஆராய்ந்து பார்த்ததில் இது ஓர் ஆழ்ந்த பக்தி. நாலு முழ வேட்டியும் எட்டு முழ வேட்டியும் கணுக்கால்வரை மறைக்கின்றன; எட்டு முழத்தை மடித்துக் கட்டினால் இரட்டை மறைப்பு. பேண்ட்டுக்கோ ஒன்றேகால் மீட்டர் துணி போதும். மானத்தைக் காப்பதுதான் நோக்கம் என்றால், துணிக் கணக்கில் வேட்டிக்குத்தான் முதல் வரிசையில் நாற்காலி போட வேண்டும். முட்டியில் ஜன்னல் வைத்துக் கிழித்த ஜீன்ஸ் தங்கள் வாசலில் சலாம் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஆகவே தாங்கள் தேடுவது மறைப்பும் அல்ல, சுத்தமும் அல்ல. பேண்ட்டில் இருக்கிற, வேட்டியில் இல்லாத ஒரே பொருள், இரண்டு கால்களையும் பிரித்து நடுவே ஓடும் அந்தத் தையல். அருள்மிகு நடுத்தையல். அதை அணிந்தவன் கனவான், அணியாதவன் காவலாளி கூப்பிட்டு விசாரிக்க வேண்டியவன். மற்றச் சமயங்கள் எல்லாம் சிக்கலானவை. தங்கள் சமயத்துக்கு ஒரு டெய்லரும் ஒரு நூல்கண்டும் போதும்.

நடுத்தையலின் மகிமைக்குச் சான்று வேண்டுவோர் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியின் சரித்திரத்தைப் படிக்கலாம். தமிழ்நாட்டுத் தறியில் நெய்து, இங்கே கைலியாகச் சுற்றப்படும் கட்டம் போட்ட பருத்தித் துணியின் உடன்பிறப்பு, 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. துவைத்தால் சாயம் போயிற்று. அதையே ஒரு சிறப்பாக்கி, இந்தத் துணி நிச்சயம் சாயம் போகும் என்று உத்தரவாதமாக விளம்பரம் செய்து விற்றார்கள். கோட்டாகவும் கால்சட்டையாகவும் வெட்டித் தைக்கப்பட்டு, அங்குள்ள மேல்தட்டு மன்றங்களின் புல்வெளியில் அது கௌரவமாக உலவியது, இன்றும் உலவுகிறது. குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் நெய்யப்படும் லுங்கிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2018-இல் ஸாரா என்ற ஆடை நிறுவனம் கிட்டத்தட்டக் கைலியே போன்ற ஒரு கட்டம் போட்ட பாவாடையைப் பெண்களுக்காக 69.99 பவுண்டுக்கு விற்றது. நம் கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். அதைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தால் தாங்கள் கதவைத் திறந்துவிடுவீர்கள். அவர் காரை ஓட்டி வந்தவர் நூற்றைம்பது ரூபாய்க் கைலியில் பின்னால் வந்தால், அதே கட்டம், அதே சுற்று, கதவு மூடிக்கொள்ளும். இங்கே நடுத்தையல் இருவருக்குமே இல்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அப்படியானால் தாங்கள் பார்த்தது துணியை அல்ல. விலைச் சீட்டை.

இந்த வழிபாட்டில் தாங்கள் முன்னோடிகள் அல்ல என்பதையும் வருத்தத்துடன் சொல்லியாக வேண்டும். 1746-இல் கல்லோடன் போரில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டதும், பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதே ஆண்டில் அந்த மக்களின் கில்ட் உடைக்குத் தடைச் சட்டம் போட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை கட்டினால் ஏழாண்டு நாடுகடத்தல். கில்ட் என்பதும் இடுப்பில் சுற்றிய கொசுவம் வைத்த துணிதான், நம் வேட்டிக்குத் தூரத்து உறவு. அந்தச் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் கட்டிக்கொள்ளலாம். அதாவது, தன் வயலில் நின்று கட்டினால் ராஜத்துரோகம். ராஜாவுக்காகச் சாகப் போகும்போது கட்டினால் சீருடை. 1782-இல் சட்டம் ரத்தாயிற்று. அடுத்த நாற்பதாம் ஆண்டில், 1822-இல், நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளியபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில், தாமே கில்ட் கட்டிக்கொண்டு, உள்ளே தோல் நிறத்தில் காலுறையும் மாட்டிக்கொண்டு சபையில் நின்றார். கொள்ளுப்பாட்டனார் காலத்தில் சிறைக்கு அனுப்பிய துணி கொள்ளுப்பேரனார் இடுப்பில் அரச உடை. எழுபத்தாறு ஆண்டில் துணி ஓர் அங்குலமும் ஒழுக்கத்தில் முன்னேறவில்லை. கட்டிய இடுப்பு மாறியிருந்தது. இன்று மணமகனும் இளவரசரும் கில்ட் கட்டிக்கொண்டு விருந்துக்குப் போனால் உலகம் அதைப் பாரம்பரியம் என்கிறது.

தங்கள் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் அலட்சியம் செய்யக் கூடாது. இது தனியார் இடம், விதி வைக்க எங்களுக்கு உரிமை உண்டு என்பீர்கள். உண்டு. ஆனால் பொதுமக்களை வா என்று விளம்பரம் செய்து, டிக்கெட் விற்று, காசை வாங்கிக்கொண்ட பிறகு வாசலில் நினைவுக்கு வருகிற உரிமை அது. வேட்டி அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்பீர்கள். பெல்ட்டும், ஒட்டுப் பட்டையும், பாக்கெட்டும் வைத்தே வேட்டி கடையில் விற்கிறது. மக்களவைக்குள் பல பத்தாண்டுகளாக வேட்டிகள் எத்தனையோ உணர்ச்சிகரமான உரைகளைத் தாங்கியிருக்கின்றன. அலுவலகக் கண்டிப்பு கெடும் என்பீர்கள். தமிழ்நாடு அரசே 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உத்தரவில் பேண்ட்டுக்குச் சமமாக வேட்டியையும் வைத்தது. கோட்டை இடிந்து விழவில்லை. பர்மாவில் அரசு ஊழியர் லுங்கியில்தான் கோப்பு பார்க்கிறார். வெப்ப நாட்டில் காற்று புகும் உடை வேண்டும் என்பதைத் தங்களுக்குப் புரியவைக்க 2003 மே மாதச் சென்னையின் 45 டிகிரி போதாது. தங்கள் ஏசி அதைக் கேள்விப்பட்டிருக்காது. ஸ்வீடன் சொன்னால் கேட்பீர்களோ? 2013 கோடையில் ஸ்டாக்ஹோம் புறநகர் ரயில் ஓட்டுநர்கள், அரைக்கால்சட்டைக்குத் தடை என்றதும் பாவாடை கட்டிக்கொண்டு ரயில் ஓட்டினார்கள். 2017-இல் பிரான்சின் நான்ட் நகரத்துப் பேருந்து ஓட்டுநர்கள் அதையே செய்தார்கள், இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பள்ளி மாணவர்கள் செய்தார்கள். ஆண்கள் நடுத்தையலைத் துறந்தும் ரயில் தண்டவாளத்தில்தான் ஓடியது.

இனி, சட்டத்துக்கு வருவோம். 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனைத் தங்கள் சகோதரர்கள் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது: வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டி அனுமதி மறுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய்வரை அபராதம், உரிமமும் போகலாம். நல்ல சட்டம். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை தலைமுறையாக எத்தனை பேர் அத்தகைய வாசல்களில் திரும்பிப் போயிருப்பார்கள்? அவர்களுக்காக ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. திரும்பிப் போனவர் நீதிபதி என்றதும் பேனா ஓடியது. கர்நாடகத்திலும் கேமரா இருந்ததால் நீதி கிடைத்தது. நீதிபதியும் இல்லை, கேமராவும் இல்லை என்றால் என்ன? அப்போது இருப்பவர் கைலி கட்டியவர். மரபு உடை என்று சொன்னதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது கரை போட்ட வெள்ளை வேட்டி. கல்யாணத்துக்கும் மேடைக்கும் உரியது. தமிழ்நாட்டில் ஏராளமான ஆண்கள் அன்றாடம் வீட்டிலும் தெருவிலும் டீக்கடையிலும் கட்டுவது கைலி. அதற்கு வேட்டி தினம் மாதிரி ஒரு விழா கிடையாது, அதைக் கட்டிக்கொண்டு எந்தத் தலைவரும் சுவரொட்டியில் சிரிப்பதில்லை. தங்கள் கட்டடத்துக்குச் செங்கல் தூக்கியவன், டைல்ஸ் ஒட்டியவன், அந்த ஏசியை மூன்றாம் மாடிக்குச் சுமந்தவன் எல்லாரும் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அன்றைக்கு எவனுக்கும் விதி ஞாபகம் வரவில்லை. வேலை முடிந்து திறப்பு விழா நடந்ததும் அதே ஆள் அசிங்கமாகிவிட்டான். கேவலம் எது என்று வெட்கமில்லாமல் எங்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள்.

குரல் உயர்ந்துவிட்டது, பெருந்தன்மையுடன் மன்னிக்க வேண்டுகிறேன். நடுத்தையல் இல்லாதவர்களுக்குக் காற்றோட்டம் அதிகம், எளிதில் சூடாக மாட்டார்கள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

தங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு முறையும் அகப்படுவது வாசல் காவலாளி. பத்தாயிரத்துச் சொச்சம் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் தானும் கைலிக்கு மாறுபவர், தன் தகப்பனைப் போன்ற ஒருவரைத் தாங்கள் எழுதிய விதிக்காக மறிக்கிறார். வீடியோ வந்ததும் வேலையும் அவருக்கே போகிறது. விதியை எழுதிய கை எந்த வீடியோவிலும் தெரிவதில்லை. ஆகையால், விதி அவ்வளவு உயர்ந்தது என்றால், அதை வாசலில் பெரிய எழுத்தில் பலகையாக மாட்டுங்கள். மழுப்பாமல், ஏழையைப் போலத் தெரிபவர்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று தமிழில், கன்னடத்தில், அந்தந்த ஊர் மொழியில் எழுதுங்கள். கீழே குழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் முழுப் பெயரோடு கையெழுத்துப் போடுங்கள். அதற்குத் துணிவில்லை என்றால் விதியைக் கிழித்துவிட்டு, டிக்கெட் வைத்திருப்பவரை உள்ளே விடுங்கள்.

இப்படிக்கு,
கைலி கட்டும் குடிமகன் ஒருவன்