சளிக்குத் தனியார், உசுருக்குச் சர்க்கார்

மருமவனே, உனக்குச் சளி பிடிச்சிருக்காமே, உங்கம்மா சொன்னா. தப்பித்தவறி சர்க்கார் ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாதே, மானம் போயிடும். கம்பெனி அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நீ வரிசையில நிப்பே, உனக்கு முன்னாடி காய்கறி வண்டிக்காரர் நிப்பாரு. யாரும் உன்னை 'சார்'னு கூப்பிட மாட்டாங்க. அதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. டாக்டரம்மா நெஞ்சுல குழாயை வெச்சுப் பார்த்துட்டு, 'ஒண்ணுமில்ல போ'ன்னு நாலு மாத்திரையைக் கையில கொடுத்து அனுப்பிடுவாங்க. இதைக் கேக்கவா காலையிலேர்ந்து கால் கடுக்க நின்னே?

நீ தனியாருக்கே போ. வாசல்லயே சல்யூட் அடிப்பாங்க. உள்ளே காபிக் கடை இருக்கு. உன் சளிக்கு ஒரு மரியாதை கிடைக்கும். ரத்தம் எடுப்பாங்க, படம் எடுப்பாங்க, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குன்னு தெரிஞ்சா ஒரு ராத்திரி படுக்கவும் வைப்பாங்க.

இது நீ மட்டும் ஆடுற கூத்து இல்லப்பா. 2017-18ல மத்திய சர்க்கார் வீடுவீடாப் போய்க் கேட்டு ஒரு கணக்கு எடுத்துச்சு. பிரசவத்தைத் தள்ளிட்டுப் பார்த்தா, நாட்டுல ஆஸ்பத்திரியில படுத்த நூறு பேர்ல 55 பேர் தனியார், 42 பேர்தான் அரசாங்கம். ஒருதரம் படுத்து எழுந்திரிக்கிற செலவு சராசரியா அரசாங்கத்துல 4,452 ரூபா, தனியார்ல 31,845. ஏழு மடங்கு கொடுத்தாத்தான் நோய்க்கே நம்ம மேல ஒரு பயம் வரும்போல.

ஆனா உங்க பெங்களூர்க்காரங்க சாமர்த்தியமே தனி. மூக்கு ஒழுகினா கண்ணாடிக் கட்டடம். தலைக்குள்ள ஏதோ கோளாறுன்னா, கார் வெச்சிருக்கிறவனும் விடியக்காலம் ஓசூர் ரோட்டுல நிம்ஹான்ஸ் வாசல்ல நிக்கிறான். அது மத்திய சர்க்காரோடது. புத்துநோய்னா அதுக்குப் பக்கத்துலயே கித்வாய். நெஞ்சடைச்சா பன்னேர்கட்டா ரோடு ஜெயதேவா. ரெண்டும் மாநில சர்க்காரோடது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆளுங்க நாங்களும் பஸ் ஏறி அங்கதான் வர்றோம்.

ஜெயதேவாவைப் பல வருஷம் நடத்தினாரே டாக்டர் மஞ்சுநாத், முதல்ல வைத்தியம், அப்புறம் பணம்னு பேர் வாங்கினவரு. 2024ல பெங்களூரு ரூரல்ல நின்னு, அப்போ கர்நாடகத் துணை முதலமைச்சரா இருந்தவரோட தம்பியையே ரெண்டரை லட்சம் ஓட்டுக்கு மேல வித்தியாசத்துல கவுத்தாரு. ஆனேக்கல்ல குடியிருக்கிற நீயும் அவருக்குத்தானே குத்தினே? சர்க்கார் டாக்டருக்கு ஓட்டு, தனியார் டாக்டருக்கு நோட்டு. நல்லா இருக்குடா உன் நியாயம்.

உன்னைக் கேலி பண்றேன், கூலிக்காரங்களைப் பண்ண மாட்டேன். 'நம்ம கிளினிக்'னு 2023லேர்ந்து பெங்களூருல வார்டு வார்டாத் தொறந்தாங்க. பார்க்கிறதும் இலவசம், மருந்தும் இலவசம். நல்ல காரியம்தான். ஆனா பெரும்பாலும் காலையில தொறந்து அஞ்சு மணிக்குள்ள சாத்திட்டா, சித்தாள் வேலைக்குப் போற பொம்பளை எப்போ போவா? ஒருநாள் வரிசையில நின்னா ஒருநாள் கூலி போச்சு. அதனால ராத்திரி எட்டு மணிக்குத் தொறந்திருக்கிற தெருமுனை டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கிறா. அவ கணக்குல தப்பே இல்ல. பெரிய ஆஸ்பத்திரியிலயும் ஸ்ட்ரெச்சர் தள்ளக் கை நீட்டுறவன் இருக்கான், 'ஸ்டாக் இல்ல, வெளியே வாங்கிக்கோ'ன்னு சீட்டைக் கிழிச்சுக் கொடுக்கிறவன் இருக்கான். அதை மாத்தணும்னா உன்னை மாதிரி சத்தமா இங்கிலீஷ் பேசுறவனும் அந்த வரிசையில நின்னு ரெண்டு கேள்வி கேக்கணும். நீதான் காபிக் கடைக்குப் போயிட்டியே.

இன்னொண்ணு சொல்றேன், கேளு. 2018லேர்ந்து ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகான்னு ஒரு திட்டம் இருக்கு. பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வைத்தியம். உன்னை மாதிரி வசதியானவனுக்குச் செலவுல 30 சதவீதம், ஒன்றரை லட்சம் வரைக்கும். அதுல தனியாருக்குப் போகணும்னாலும், அவசரக் கேஸைத் தவிர, முதல்ல சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டு எழுதித் தரணும். எப்படிச் சுத்தினாலும் அந்த வாசப்படியை ஒருதரம் மிதிச்சுத்தான் ஆகணும் மாப்ளே.

நாளைக்கே ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்துட்டுப் போய் அந்தத் திட்டத்தோட அட்டையை வாங்கி வை. உங்கம்மா பேரு அந்த ரேஷன் கார்டுல இருக்கான்னு முதல்ல பாரு.