ஸ்டட்டை எடுக்கப் போய் ஹெட்டையே எடுப்பது எப்படி

ஐப்பசி மழையில் விளாத்திகுளம் பக்கத்துக் காட்டுப்பாதையில் பைக் ஓட்டியவருக்குத் தெரியும்: முன்சக்கரம் வாரி இறைக்கிற கரிசல் நேராகப் போய் அப்புவது, சைலன்சர் ஹெட்டோடு சேர்கிற இடத்தில்தான். எஞ்சின் சூட்டில் அது சுட்ட செங்கல்லாகிவிடும். அதற்குள்ளே, நூறு சிசி வண்டி என்றால், ஆறு எம்எம் ஸ்டட் இரண்டு இருக்கும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு, நடுவில் ஈரம். உப்புப் பூத்து ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பாதி வேலையை மண்ணே முடித்துவிட்டது. மீதியை நீங்கள் முடிக்கலாம். ஆயில் மாற்றும்போது ட்ரெயின் போல்ட்டில் ஏற்கெனவே கைவரிசை காட்டியவர்தானே!

1. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொடங்குங்கள். லேத் பட்டறை பூட்டியிருக்க வேண்டும்; விடிந்ததும் வண்டி கட்டாயம் தேவைப்பட வேண்டும். இந்த இரண்டும் அமையாவிட்டால் நிதானம் வந்துவிடும்.

2. மண்ணைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ்ஷெல்லாம் வாட்டர் வாஷ்காரர் வேலை. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ராத்திரி முழுக்க ஊற விடச் சொல்வார்கள். நீங்கள் அடித்த கையோடு ஸ்பேனரைப் போடுங்கள். வாசனை வந்தால் போதும்.

3. பத்தாம் நம்பர் ஸ்பேனர் குட்டையாக இருக்கிறதா? பைப்பை மாட்டி நீட்டுங்கள். ஆறு எம்எம் மரையை இறுக்க சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் மூன்று கிலோ சொச்சத்தைத் தொங்கவிட்ட அளவு. உங்கள் எடை அதைவிட எவ்வளவோ அதிகம்; அதை வீணாக்காமல் ஏறி மிதியுங்கள். கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது கோழைகளின் பழக்கம். ‘டக்’கென்று சத்தம் கேட்டு ஸ்பேனர் சட்டென்று லேசாகும். நட்டு கழன்றுவிட்டதென்று ஒரு நொடி சந்தோஷப்படுங்கள். அந்த நொடி உங்களுடையது.

4. அடுத்து டிரில். முறிந்த ஸ்டட்டின் முகம் சரிவாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். அரம் போட்டுச் சமன் செய்யாதீர்கள், நட்டநடுவில் பஞ்ச் அடிக்காதீர்கள். சுவரில் ஆணிக்கு ஓட்டை போடுகிற டிரில்லில் மழுங்கிய பிட்டை மாட்டி முழு வேகத்தில் அழுத்துங்கள். பிட் இரும்பிலிருந்து வழுக்கிப் பக்கத்திலுள்ள அலுமினியத்தில் இறங்கும். வருகிற தூளைக் கவனியுங்கள். கருத்த துணுக்காக, முனகிக்கொண்டு வந்தால் இன்னும் ஸ்டட்டில்தான் இருக்கிறீர்கள். பளபளவென்று வெள்ளைச் சுருள் சிரமமில்லாமல் வந்தால் ஹெட்டைத் துளைக்கிறீர்கள். கை பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தொடருங்கள்.

5. ஈஸி அவுட் வாங்குங்கள், இருப்பதிலேயே மலிவானதாக. இடப்பக்கம் முறுக்கிய கூம்பு அது. அடித்து இறக்க இறக்க ஸ்டட்டை உள்ளிருந்து விரித்து ஹெட்டோடு இன்னும் இறுக்கும். ஒருபக்கமாகச் சாய்த்துத் திருகுங்கள், உள்ளேயே முறியும். இந்தக் கலையின் உச்சம் இதுதான். ஈஸி அவுட் நன்றாகக் கடினப்படுத்திய எஃகு. உங்கள் டிரில் பிட் அதன்மேல் கீறல்கூடப் போடாது. இனி டை செய்கிற பட்டறையில் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் வைத்துத்தான் அரித்தெடுக்க வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் கூலியைக் கேட்டுவிட்டு வீடு திரும்புங்கள்.

6. சூடு காட்டுங்கள். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்; அளவான சூட்டில் பிடி விடும். ஆகவே அளவு பார்க்காதீர்கள். கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்து, ஹெட் சிவக்கட்டும் என்று காத்திருங்கள். சிவக்காது. அலுமினியம் நிறம் மாறிக் காட்டாமலே 660 டிகிரியில் உருகும். ஹெட் வார்க்கிற கலப்பு அதற்கும் முன்பே.

7. மரை போனதற்கு ஹெலிகாயில் போடலாம் என்பார்கள். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று இருக்கிற டேப் அடித்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச்சுருளை உள்ளே திருகினால் பழையபடி ஆறு எம்எம் மரை கிடைக்கும். அலுமினிய மரையைவிட உறுதியாகவும் இருக்கும். அவ்வளவு உறுதி நமக்கெதற்கு? தீப்பெட்டி ஊரில் இருந்துகொண்டு தீக்குச்சிக்குப் பஞ்சமா? நான்கைந்தை ஓட்டையில் சொருகி, மேலே எம்-சீல் அப்பி, போல்ட்டை முறுக்குங்கள். சைலன்சர் வாய்ச் சூட்டில் குச்சி கரியாகி, எம்-சீல் பொரிந்து, கயத்தாறு தாண்டுவதற்குள் வண்டி புல்லட் மாதிரி சத்தம் போடும். பெட்ரோல் பங்கில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதுவும் கைவிட்டால் எட்டு எம்எம் டேப். விளிம்பு விரிசல் விடும்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். முறிந்த துண்டு நூலளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து நட்டின் ஓட்டைக்குள் வெல்டு வைப்பார்கள். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. அந்தச் சூடே ஸ்டட்டின் பிடியை இளக்கும். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டு மெல்ல அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். புது ஸ்டட்டில் சூடு தாங்கும் காப்பர் கிரீஸ் தடவி மாட்டி அனுப்புவார்கள். அதோடு உங்கள் ஞாயிற்றுக்கிழமை வீண்.

கடைசியாக, ஹெட்டை எடைக்குப் போடுகிறவர்களுக்கு: அலுமினியத்துக்கு நல்ல விலை உண்டு, ஆனால் இரும்பு ஒட்டியிருந்தால் குறைத்துத்தான் எடுப்பார்கள். ஸ்டட்டைக் கழற்றிவிட்டுக் கொண்டு போங்கள்.