பழி படாமல் ஆங்கிலக் கடிதம் எழுதும் முறை

ஆபீசில் ஒரு ஃபைல் தொலைந்துவிட்டது. மேலிடத்துக்கு விளக்கம் போக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். பதறாதீர்கள். நல்ல அட்ஜெக்டிவ் ஒன்று, அதன் பின்னால் ஒரு ‘தட்’. இவ்வளவுதான் சரக்கு.

‘தட்’டைச் சேர்த்துக்கொள்ளும் அட்ஜெக்டிவ்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஹாப்பி, சாரி, ப்ரவுட், அஃப்ரெய்ட், அவேர் எல்லாம் ஆளைப் பிடிக்கும் கட்சி. ‘ஐ ஆம் சாரி தட் தி ஃபைல் வாஸ் லாஸ்ட்’ என்று எழுதினால் வருந்துகிறவர் யார் என்பது பதிவாகிவிடும். நாளைக்கு மெமோ அவர் பெயருக்குத்தான் வரும். ஆகவே அடுத்த கட்சிக்குத் தாவுங்கள்: பாஸிபிள், லைக்லி, ஆப்வியஸ், அன்ஃபார்ச்சுனேட். இவற்றுக்கு முன்னால் ‘இட்’ போட்டால் போதும். ‘இட் இஸ் அன்ஃபார்ச்சுனேட் தட் தி ஃபைல் வாஸ் லாஸ்ட்.’ வருத்தம் இருக்கிறது, வருந்த ஆள் இல்லை. அந்த ‘இட்’ யார் என்று விசாரணைக் கமிஷன் வைத்தாலும் தெரியவராது. நிஜமான எழுவாய் ‘தட்’டில் தொடங்கும் பின்பாதிதான்; நீளமாக இருக்கிறதே என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, காலியான இடத்தில் ‘இட்’டை உட்கார வைத்திருக்கிறார்கள். துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி.

கட்சி மாற்றி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ‘இட் இஸ் ஹாப்பி தட் யூ கேம்’ என்றால் வந்தவர், யாருக்கு சந்தோஷம் என்று கேட்பார். ‘சர்ட்டன்’ இரண்டு பக்கமும் செல்லுபடியாகும். அரசியல் தெரிந்த சொல்.

அடுத்தது கொஞ்சம் நுட்பம். மொழியியலாளர்கள் பால் கிபார்ஸ்கியும் கேரல் கிபார்ஸ்கியும் 1970-இல் ‘ஃபேக்ட்’ என்ற கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ‘ஆட்’ என்ற அட்ஜெக்டிவ், பின்னால் வரும் சேதியை உண்மை என்றே வைத்துக்கொள்ளும். ‘லைக்லி’ அப்படி வைத்துக்கொள்ளாது. ‘நாட்’ போட்டுப் பாருங்கள். ‘இட் இஸ் நாட் ஆட் தட் ஹீ ரிசைண்ட்’ என்றாலும் அவர் ராஜினாமா செய்தது செய்ததுதான். ‘இட் இஸ் நாட் லைக்லி’ என்று தொடங்கினால் அவர் இன்னும் சீட்டில் இருக்கக்கூடும். இதனால் உங்களுக்கு என்ன லாபம்? வதந்தி கிளப்ப வேண்டுமா, ‘இட் இஸ் ஸ்ட்ரேஞ்ச் தட்’ என்று ஆரம்பியுங்கள். கேட்பவர் அது விசித்திரமா இல்லையா என்றுதான் வாதாடுவார். நடந்ததா என்று கேட்க மறந்துவிடுவார்.

இதே குடும்பத்துப் பிள்ளைதான் ‘சாரி’. ‘ஐ ஆம் சாரி தட் யூ ஆர் அப்செட்’ என்று சொல்லிப் பாருங்கள். எதிராளி மனம் நொந்தது உண்மை என்று பதிவாகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வாக்கியத்துக்குள் நுழையவே இல்லை. பெரிய மனிதர்கள் பொது மேடையில் கேட்கும் மன்னிப்பில் பாதி இந்த ரகம்தான் என்பது என் அபிப்பிராயம்.

‘அஃப்ரெய்ட்’ இன்னும் மேல். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் தி மேனேஜர் இஸ் அவுட்’ என்று ரிசப்ஷனில் சொல்பவரின் முகத்தில் பயம் தேடாதீர்கள். உள்ளே விடமாட்டேன் என்பதைப் பதமாகச் சொல்கிறார், அவ்வளவே.

உத்தரவு போட வேண்டுமானால் எஸென்ஷியல், இம்பார்ட்டன்ட். ‘இட் இஸ் எஸென்ஷியல் தட் ஹீ பி ப்ரெசென்ட்’ என்று எழுதுங்கள்; ‘இஸ்’ அல்ல, மொட்டையாக ‘பி’. டைப் அடிப்பவர் தப்பு என்று திருத்துவார், விடாதீர்கள். அமெரிக்கர்களுக்கு இதுதான் வழக்கம். பிரிட்டிஷ்காரர்களுக்கு ‘ஷுட் பி’யும் பிடிக்கும்.

‘அவேர் ஆஃப்’, ‘ப்ரவுட் ஆஃப்’ என்று பழகியவர்கள், ‘தட்’ வந்ததும் ‘ஆஃப்’பை அனுப்பிவிட வேண்டும். ‘அவேர் ஆஃப் தட் ஹீ லெஃப்ட்’ என்றால் இரண்டு வாட்ச்மேனுக்கு ஒரு கேட்.

‘பிஸி’க்குத் தனியாக ‘தட்’ ஒட்டாது. ‘ஐ ஆம் பிஸி தட்’ என்று எழுதினால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். முன்னால் ஒரு ‘ஸோ’ வேண்டும்: ‘ஐ வாஸ் ஸோ பிஸி தட் ஐ குட் நாட் ரிப்ளை.’ இந்தத் ‘தட்’ வேறு வம்சம். அட்ஜெக்டிவ்வோடு வந்ததல்ல, ‘ஸோ’ கூட்டி வந்தது. அது விளைவை மட்டும் சொல்லும். எதில் பிஸி என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இலக்கணத்தில் எங்கும் இல்லை.