வைல்ட்கார்டு என்கிற சாப்பா

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மண்டி வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிசுகளிடம் 'சாப்பா' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு வசவு வரும், அச்சில் ஏற்ற முடியாதது. பிறகுதான் கதை வரும். கொச்சித் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால் அன்றைக்கு யாருக்கு வேலை என்று முடிவு செய்ய ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். விடியுமுன்னே சுமைத் தொழிலாளிகள் கூட்டமாக வந்து நிற்பார்கள். வேலை பங்கிடும் மூப்பன் கையில் உலோக வில்லைகள் இருக்கும். அதுதான் சாப்பா. அவற்றைக் கூட்டத்துக்குள் விட்டெறிவான். விழுந்து புரண்டு, பக்கத்தில் நிற்கிறவன் கையை மிதித்து, நகம் பிய்ந்து எவன் எடுத்தானோ அவனுக்கு வேலை. மற்றவனுக்கு அன்று பட்டினி. மூப்பனுக்கு வேண்டியவன் காலடியில் மட்டும் வில்லை தானாக வந்து விழும். அது அவன் கைவாகு.

இதை எதிர்த்துப் போராடியவர்களை 1953 செப்டம்பர் 15 அன்று இதே மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. ராஜீவ் ரவி 'துறமுகம்' என்று படமே எடுத்தார், 2023இல் வந்தது. பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எவ்வளவு காட்டுமிராண்டித்தனம் என்று உச்சுக்கொட்டினோம். வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு டிவியில் டென்னிஸ் போட்டோம்.

கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் ஆட்டத்தில் 128 இடங்கள். 104 பேர் ரேங்க் வழியாக, 16 பேர் தகுதிச்சுற்றில் ரத்தம் கக்கி வருவார்கள். மிச்சம் 8 இடம் வைல்ட்கார்டு. யாருக்கு என்பது போட்டி நடத்துகிற சங்கத்தின் சித்தம். இதில் அமெரிக்காவும் பிரான்சும் ஆஸ்திரேலியாவும் கொண்டான் கொடுத்தான் உறவு வைத்திருக்கின்றன: உன் பிள்ளைக்கு என் ஊரில் ஓர் இடம், என் பிள்ளைக்கு உன் ஊரில் ஓர் இடம். கிராண்ட்ஸ்லாம் நடத்தாத நாட்டுக்காரனுக்கு எறிய வில்லை இல்லை. அதனால் பந்தியில் இலையும் இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் சம வாய்ப்பு பற்றிப் பாடம் எடுக்கிற தேசங்கள்தான் இவை.

ஆடி ஓய்ந்த காலத்தில் ஓர் ஆட்டக்காரர் எப்படி நடத்தப்படுவார் என்பதும் இந்த வில்லையில்தான் இருக்கிறது. பெயருக்கு டிக்கெட் விற்கும் என்றால் காலடியிலேயே விழும். வீனஸ் வில்லியம்ஸ் 2025 ஜூலையில், 45 வயதில், வாஷிங்டனில் வைல்ட்கார்டில் இறங்கி ஓர் ஆட்டமும் ஜெயித்தார். மெடிக்கல் இன்ஷூரன்சுக்காகத்தான் திரும்பி வந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அரங்கமும் சிரித்தது. ஏழு ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவரே இதை வேடிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிற பணக்கார நாடு அது. அவருக்காவது சிரிக்க ஒரு மேடை கிடைத்தது.

நம் ஆள் ஒருவரைப் பார்ப்போம். சென்னைக்காரர், இடதுகைக்காரர், பிரஜ்னேஷ் குணேஸ்வரன். இருபதுகளில் பல வருஷங்களை முழங்கால் தின்றுவிட்டது. மிச்சக் காலத்தில் எழுந்து வந்து 2019இல் உலக ரேங்க்கில் 75ஆம் இடம் பிடித்தார். அதே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் முதன்மைச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு சரி. அமெரிக்காவில் எதிரே நின்றவர் மெத்வதேவ். அதன் பின் மணிக்கட்டு போயிற்று, ரேங்க் போயிற்று, கடைசிப் பருவங்கள் கீழ்த்தட்டுப் போட்டிகளில் கழிந்தன. அந்தத் தட்டு எப்படி இருக்கும் தெரியுமா? மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை அத்தனை பேரும் பங்குபோட வேண்டும். ஒரு வாரம் முழுக்க ஆடிக் கோப்பையை வென்றவர் கையில் சுமார் 2,000 டாலர் நிற்கும். அதில் விமானம், ஓட்டல், பயிற்சியாளர், பிசியோ எல்லாம் முடியாது என்பதால் பயிற்சியாளரும் பிசியோவும் கிடையாது. ஓட்டல் குளியலறையில் சட்டையைத் தானே அலசி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு, மறுநாள் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பையனிடம் தோற்கலாம். பிரஜ்னேஷ் 2025 நவம்பரில் ஓய்வு அறிவித்தார். செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தேடிக் கண்டுபிடித்தவருக்கு என் சார்பில் ஒரு சுலைமானி டீ.

ஆனால் நம் சங்கத்தைக் குறை சொல்லக் கூடாது. அகில இந்திய டென்னிஸ் சங்கத்திடம் எறிய கிராண்ட்ஸ்லாம் வில்லை இல்லாவிட்டாலும் மூப்பனின் மிடுக்கு குறைவில்லாமல் இருக்கிறது. 2023 செப்டம்பரில் நாட்டின் முதல்நிலை ஒற்றையர் வீரர் சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ என்றார். சில மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓப்பனின் ஆசிய-பசிபிக் வைல்ட்கார்டுக்கான போட்டிக்கு அவர் பெயரைச் சங்கம் அனுப்பவில்லை. பாகிஸ்தானில் நடக்கவிருந்த டேவிஸ் கோப்பைக்கு வர மறுத்ததற்குத் தண்டனை என்று செய்தி வந்தது. மனிதர் தகுதிச்சுற்று வழியாக நுழைந்து, 31ஆம் தரவரிசை பெற்ற பப்ளிக்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் தரவரிசை பெற்றவரை ஓர் இந்தியர் வீழ்த்தியது 35 ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான். அடுத்த செப்டம்பரில் சங்கம் வேறொரு குற்றப்பத்திரிகை வாசித்தது: டேவிஸ் கோப்பையில் ஆட 50,000 டாலர் கேட்கிறாராம்! உழைப்புக்குக் கூலி கேட்கிற தேசத்துரோகம்.

இந்த மிடுக்கை நெடுங்காலம் அனுபவித்தவர் இரட்டையர் ஆட்டக்காரர் ரோகன் போபண்ணா. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பயஸோடு ஜோடி சேர மறுத்ததற்காக அவருக்கும் பூபதிக்கும் டேவிஸ் கோப்பையில் இரண்டு ஆண்டுத் தடை. கர்நாடக உயர் நீதிமன்றம் வரை போய் அதை நிறுத்த வேண்டியிருந்தது. 2016 ரியோவுக்கு முதல் பத்து ரேங்க்குக்குள் இருந்ததால் ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. சாகேத் மைனேனி என்றார். சங்கம் பயஸ் என்றது. முதல் சுற்றில் தோற்றார்கள். 2021இல் டோக்கியோவுக்கு நாகலோடு விண்ணப்பம் உயிரோடு இருப்பதுபோல் எங்களை நம்பவைத்தார்கள் என்று பகிரங்கமாகவே சொன்னார். அப்போது அவருக்கு 41. முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து தீர்ந்திருந்தது. மாதக்கணக்கில் ஓர் ஆட்டமும் ஜெயிக்காமல், விட்டுவிடலாமா என்ற இடத்துக்கு வந்திருந்தார். ஐயங்கார் யோகா செய்து காலைத் திரும்ப நிமிர்த்தினார். 2023இல் இந்தியன் வெல்ஸ் பட்டம். 2024 ஜனவரியில், 43 வயதில், எப்டனோடு ஆஸ்திரேலிய இரட்டையர் பட்டம், உலக முதலிடம். அந்த வயதில் அங்கே முதல்முறை ஏறியவர் வேறு யாரும் இல்லை.

உடனே நாடே எழுந்து நின்றது. அதே வாரத்தில் பத்மஸ்ரீ. '43லும் சிங்கம்.' வாட்ஸ்அப்பில் முதியோர் யோகா குழுக்கள் எல்லாம் அவர் படத்தோடு காலை வணக்கம் அனுப்பின. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் ஐயா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. விடாமுயற்சி என்று ஒரு பொன்னாடை வைத்திருக்கிறோமே, அதைப் போர்த்திவிட்டால் அடியில் இருக்கிற தழும்பெல்லாம் மறைந்துவிடும், போட்டவன் கையும் சேர்த்து.

ஜோடியை மாற்றி மாற்றி ஓட்டிய 2025 அவருக்குக் கடைசிப் பருவம். அமெரிக்க ஓப்பன் அந்த ஆண்டு கலப்பு இரட்டையரை இரண்டே நாள் திருவிழாவாகச் சுருக்கிவிட்டது. பதினாறே ஜோடி. பாதிக்கு ஒற்றையர் ரேங்க், பாதிக்கு வைல்ட்கார்டு, பரிசு பத்து லட்சம் டாலர். இரட்டையர் ஆடியே பிழைக்கிறவர்கள் வேலிக்கு வெளியே. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே கலப்பு இரட்டையரில் போபண்ணா, இந்தோனேசியாவின் சுத்ஜியாதியோடு அரையிறுதி வரை வந்திருந்தார். நட்சத்திரங்களுக்கு இடையே மருந்துக்கு ஒரு தொழில்முறை இரட்டையர் ஜோடி: முந்தைய ஆண்டு சாம்பியன்கள் எரானியும் வவசோரியும். இறுதியில் ஸ்வியாடெக்கையும் ரூடையும் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் அவர்களே. துறைமுகத்தில் இப்படி நடந்திருந்தால் மூப்பன் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டான். நியூயார்க்கில் எல்லாரும் கைதட்டினார்கள், அடுத்த விளம்பரம் ஓடியது.

போபண்ணா பாரிஸ் மாஸ்டர்ஸில் கடைசி ஆட்டம் தோற்று, நவம்பர் முதல் தேதி விடைபெற்றார். சொந்த நாட்டில் மேல்தட்டுப் போட்டி ஒன்றில் விடைபெற அவருக்கு வழியே இல்லை. ஆண்களுக்கான ஏடிபி போட்டி சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்தது. 2018இல் புனேவுக்குப் போயிற்று, 2024இல் ஹாங்காங்குக்குப் போயிற்று. நாம் தடுக்கவில்லை. பந்து வெளியே போகிறதென்று விட்டுவிட்டோம் போல.

கேரளத்தார் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். போபண்ணாவும் பிரஜ்னேஷும் மட்டையைக் கீழே வைத்த அதே நவம்பரில்தான் இங்கே கலூர் மைதானத்தில் மெஸ்ஸி ஆடுவதாக இருந்தது. விளையாட்டு அமைச்சர் அறிவித்தார், மைதானம் ஸ்பான்சர் கைக்குப் போயிற்று, மட்டாஞ்சேரிச் சந்துகளில்கூட வானநீலக் கொடி தொங்கியது. அர்ஜென்டினா அந்த நவம்பரில் ஆடியது அங்கோலாவின் லுவாண்டாவில். வந்திருந்தாலும் நம்மால் வரவேற்றிருக்க முடியாது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்துக்காரர் ஸ்ரீஜேஷ், பதினெட்டு ஆண்டு ஹாக்கியில் இந்தியாவின் கோல் வலையைக் காத்து, பாரிஸ் ஒலிம்பிக் வெண்கலத்தோடு ஓய்வு பெற்றார். 2024 ஆகஸ்டில் அவருக்குத் திருவனந்தபுரத்தில் அரசு வரவேற்பு என்றார்கள். கல்வித்துறை நடத்துவதா, விளையாட்டுத்துறை நடத்துவதா என்று இரண்டு இலாகாவும் மல்லுக்கட்டியதில், அவர் குடும்பத்தோடு கிளம்பிய பிறகு விழாவைத் தள்ளிவைத்தார்கள். நடந்தது அக்டோபர் கடைசியில். ஓர் ஆளுக்கு மாலை போட இரண்டு இலாகாவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மெஸ்ஸியோடு வரவிருந்தது ஓர் அணி முழுக்க.