இருமுறை வெந்த அரிசி

கேள்வி: எப்படியும் உலையில் வேகப்போகும் அரிசிதானே? பிறகு எதற்கு நெல்லிலேயே ஒருமுறை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குகிறார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் வேக்காடு மில்லுக்காக, இரண்டாவது நமக்காக! மில்லில் அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போய்விடும். நெல்லை ஊறவைத்து நீராவியில் அவித்தால், தவிட்டிலுள்ள தயமின் எனும் பி1 வைட்டமினில் ஒரு பகுதி முன்கூட்டியே அரிசிக்குள் குடியேறிவிடுகிறது. காலி செய்த வீட்டை இடித்தால் யாருக்கு நஷ்டம்? மாவுச்சத்தும் இளகி, பின் இறுகிக்கொள்வதால் நொய் குறைகிறது. மில்காரருக்கும் லாபம்!

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களை அது அநேகமாக அண்டவில்லை. இதைக் கவனித்து எழுதியவர் பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர். நோய்க்குக் காரணம் தயமின் குறைவு என்பது பின்னால்தான் தெரிந்தது. நம்மவர்களோ காரணம் கேட்காமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று மட்டும்: சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டினால், காப்பாற்றிய சத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். அந்தக் கஞ்சியைக் குடிக்கும் மாடு நம்மைவிடப் புத்திசாலி!